எத்தனை வகை என்பதா கேள்வி?

சிரம்பான் நகரின் மருந்துக் கடைகளில் குடல் நலத்திற்கென்றே ஓர் அடுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. 'ஆறு வகை நல்ல நுண்ணுயிரிகள்' என்கிறது ஒரு பெட்டி. பக்கத்துப் பெட்டி பத்து வகை என்கிறது. அதற்கும் மேலே போகிறது இன்னொன்று. கடைக்கு வந்து வாங்க நேரமில்லாதவர்களைத் தேடி நேரடி விற்பனையாளர்கள் வீட்டு வாசலுக்கே வருகிறார்கள். ரந்தாவ், லிங்கி, பகாவ் போன்ற வட்டாரங்களில் செம்பனைத் தோட்டங்களிலும் அவற்றை ஒட்டிய குடியிருப்புகளிலும் வாழும் குடும்பங்களும் இந்த விற்பனைக்கு விலக்கல்ல. அவர்கள் சொல்லும் செய்தி சுருக்கமானது: வயிறு சரியானால் உடல் சரியாகும், வகை கூடக்கூடப் பலனும் கூடும்.

முதல் பாதியில் ஓரளவு உண்மை உண்டு. இரண்டாம் பாதிக்கு அறிவியல் ஆதாரம் இல்லை. பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணிக்கையைப் பார்த்துப் பணம் கொடுப்பவர், கேட்க வேண்டிய கேள்வியை விட்டுவிட்டு வேறொரு கேள்வியைக் கேட்கிறார்.

மனித உடலில் ஏறக்குறைய 38 டிரில்லியன் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன என்பது 2016ஆம் ஆண்டில் வெளியான ஒரு கணக்கீடு. அவற்றில் மிகப் பெரும்பாலானவை பெருங்குடலில் உள்ளன. மனிதனால் செரிக்க முடியாத நார்ச்சத்தை அவை உடைத்து உண்கின்றன. அப்போது உண்டாகும் சில அமிலங்கள் குடற்சுவரின் உயிரணுக்களுக்கு உணவாகின்றன. சில பாக்டீரியாக்கள் உயிர்ச்சத்துகளையும் ஆக்கித் தருகின்றன. நோய்க்கிருமி வந்தால் உட்கார இடம் கிடைக்காதபடி நெருக்கி நிற்பதும் இவற்றின் வேலைதான். இப்படிப்பட்ட நன்மையைத் தரும் நுண்ணுயிரிகளை வெளியிலிருந்தும் கொடுக்கலாம் என்னும் எண்ணத்தில் பிறந்ததே புரோபயாட்டிக். உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் கூட்டிய வல்லுநர் குழு 2001இல் அதற்கு ஒரு வரையறை தந்தது. நுண்ணுயிரி உயிருடன் இருக்க வேண்டும். போதுமான அளவில் இருக்க வேண்டும். உண்பவருக்கு உடல்நலப் பயன் தர வேண்டும். வகைகளின் எண்ணிக்கை அந்த வரையறையில் எங்கும் இல்லை.

'வகை' என்று விளம்பரம் சொல்வது எதை? தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. பால்மரம் எல்லாம் ஒரே மரமன்று. 1925இல் நிறுவப்பட்ட மலாயா இரப்பர் ஆய்வுக் கழகம் பல ஒட்டுக்கன்று வகைகளை உருவாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்தது. ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்பது அவற்றுள் பெயர் பெற்றது; மலேசியாவைத் தாண்டித் தாய்லாந்திலும் பரவலாக நடப்பட்டது. இனத்தின் பெயர் ஒன்றுதான். ஆனால், பால் எவ்வளவு தரும், எந்த நோயைத் தாங்கும் என்பதெல்லாம் எண்ணுக்கு எண் மாறும். நுண்ணுயிரிகளிலும் அப்படியே. 'லாக்டோபேசில்லஸ் ரம்னோசஸ் ஜிஜி' என்ற பெயரில் முதற்சொல் குலத்தையும் இரண்டாம் சொல் இனத்தையும் குறிக்கின்றன. கடைசியில் நிற்கும் 'ஜிஜி' கிளைவகையைக் குறிக்கிறது. ஆய்வுக்கூடத்தில் சோதிக்கப்படுவது அந்தக் கிளைவகைதான். ஒரு கிளைவகை வயிற்றுப்போக்கைக் குறைத்தது என்றால், அதே இனத்தைச் சேர்ந்த மற்றொன்றும் குறைக்கும் என்று பொருளாகாது. கிளைவகையின் பெயரைச் சொல்லாமல் 'பத்து வகை' என்று மட்டும் சொல்லும் பெட்டி, எண் குறிக்காத கன்றுகளைக் கலந்து கட்டி விற்பதைப் போன்றது. எந்தத் தோட்ட நிர்வாகி அதை வாங்குவார்?

இத்துறையின் வரலாறு ஒற்றைக் கிளைவகையிலிருந்துதான் தொடங்குகிறது. பாரிஸ் பாஸ்டர் ஆய்வகத்தில் பணியாற்றிய இலியா மெச்னிகோவ், 1908இல் நோபல் பரிசு பெற்றவர். பல்கேரிய நாட்டு உழவர்கள் நீண்ட காலம் வாழ்வதற்கு அவர்கள் உண்ணும் புளித்த பாலும் ஒரு காரணமாகலாம் என்று அவர் கருதினார். ஜப்பானில் மினோரு ஷிரோட்டா என்ற மருத்துவ அறிவியலாளர், வயிற்று அமிலத்தைத் தாங்கிக் குடல்வரை உயிருடன் செல்லக்கூடிய ஒரு கிளைவகையை 1930இல் வளர்த்தெடுத்தார். அதைக் கொண்டு செய்த யாகுல்ட் பானம் 1935இல் விற்பனைக்கு வந்தது. அந்நிறுவனத்தின் மலேசிய ஆலை இன்று சிரம்பானில் இயங்குகிறது. அந்தச் சிறு புட்டியில் இருப்பது ஒரே ஒரு கிளைவகை என்பதைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள்.

பல கிளைவகைகளைச் சேர்க்கும் எண்ணம் பின்னர் வலுப்பெற்றது. அதன் பின்னே ஒரு நியாயமும் இருக்கிறது. குடல் ஒரே மாதிரியான இடமன்று. சிறுகுடலில் பிழைப்பது ஒன்று, பெருங்குடலில் பிழைப்பது வேறொன்று. ஒன்று அமிலம் சுரக்கும். மற்றொன்று குடற்சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே, கூட்டாக வேலை செய்யட்டும் என்பது கருத்து. அக்கருத்துக்குச் சான்று சொல்லும் ஆய்வுகளும் உண்டு. மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் 2019இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட 52 பேர் அதில் பங்கேற்றனர். ஒரு பிரிவினருக்கு ஆறு கிளைவகைகள் கொண்ட கலவையும் மற்றொரு பிரிவினருக்கு அதைப் போலவே தோன்றும் வெறும் பொடியும் ஆறு மாதங்கள் தரப்பட்டன. கலவையை உட்கொண்டவர்களின் இரத்தத்தில், அழற்சியைத் தூண்டும் பொருள்கள் பல குறைந்திருந்தன. நல்ல செய்திதான். ஆனால், அது அறுவை சிகிச்சை பெற்ற நோயாளிகளிடம், மருத்துவர்களின் கண்காணிப்பில், பெயர் குறித்த ஆறு கிளைவகைகளைக் கொண்டு செய்யப்பட்டது. நெஞ்செரிச்சலும் வயிற்று உப்புசமும் உள்ள ஒருவர் வேறொரு கலவையை வாங்க அதைச் சான்றாகக் காட்ட முடியாது. விற்பனைப் பேச்சில் இந்த வேறுபாடுதான் முதலில் காணாமற்போகிறது.

மற்ற ஆய்வுகளையும் அருகில் வைத்துப் பார்த்தால் எண்ணிக்கையின் மதிப்பு இன்னும் தெளிவாகும். இந்தியாவின் ஒடிசா மாநிலத்துக் கிராமங்களில் பிறந்த 4,556 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2017இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. பிறந்து சில நாள்களே ஆன குழந்தைகளுக்கு ஏழு நாள் மட்டும் ஒரு பொடி கொடுக்கப்பட்டது. அதில் இருந்தது ஒரே கிளைவகையும் அதற்கு உணவாகும் ஒருவகைச் சர்க்கரையும். இரண்டு மாதங்கள் கவனித்ததில், கடுமையான கிருமித் தொற்றும் இறப்பும் சேர்ந்து 9 விழுக்காட்டிலிருந்து 5.4 விழுக்காடாகக் குறைந்தன. கொல்கத்தாவின் நெரிசலான குடியிருப்புப் பகுதியில் ஒன்று முதல் ஐந்து வயதுக்குட்பட்ட 3,758 குழந்தைகளிடம் நடந்த ஆய்விலும் பயன்பட்டது ஒற்றைக் கிளைவகைதான். மேலே சொன்ன ஷிரோட்டாவின் கிளைவகை. பன்னிரண்டு வாரம் அந்தப் பானத்தைக் குடித்த குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு 14 விழுக்காடு குறைந்தது. ஒடிசா அளவுக்கு வியப்பான முடிவன்று என்றாலும், பயன் உண்டு.

இனி, கலவைகள். கனடாவின் ஆறு மருத்துவமனைகளில், வயிற்றுப்போக்கும் வாந்தியுமாக அவசரப் பிரிவுக்கு வந்த 886 குழந்தைகளுக்கு இரண்டு கிளைவகைகளின் கலவை கொடுத்துச் சோதித்தனர். கலவையைப் பெற்றவர்களும் பெறாதவர்களும் ஒரே மாதிரியாகத்தான் தேறினர். இந்த முடிவு 2018இல் வெளிவந்தது. அதே ஆண்டில் இஸ்ரேல் நாட்டு வைஸ்மன் அறிவியல் கழகம் வெளியிட்ட ஆய்வு இன்னும் சிந்திக்க வைப்பது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்து உண்ட பிறகு குடலின் நல்ல பாக்டீரியாக்கள் குறைந்துவிடும். அதற்காகவே பலர் புரோபயாட்டிக் வாங்குகிறார்கள். அவ்வாய்வில் சிலருக்கு 11 கிளைவகைகள் கொண்ட கலவை கொடுக்கப்பட்டது. சிலர் எதுவும் உண்ணாமல் விடப்பட்டனர். எதுவும் உண்ணாதவர்களின் குடல் சில வாரங்களில் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பியது. கலவையை உண்டவர்களுக்கோ மாதங்கள் கடந்தும் முழுமையாகத் திரும்பவில்லை. வெளியிலிருந்து வந்தவை இடத்தைப் பிடித்துக்கொண்டு, வீட்டுக்காரரை உள்ளே விடவில்லை போலும். பங்கேற்றவர்கள் 21 பேர் மட்டுமே என்பதால் இதைக் கடைசித் தீர்ப்பாகக் கொள்ளக்கூடாது. இருந்தாலும், 'அதிகம் இருந்தால் நல்லதுதானே, கெடுதல் என்ன?' என்ற எண்ணத்தை அசைத்துப் பார்க்க இதுவே போதும்.

ஆக, ஒரு கிளைவகை சிறந்தது, பல கிளைவகை மட்டமானது என்பதும் முடிவன்று. குறைமாதக் குழந்தைகளின் குடல் அழுகல் நோயைத் தடுக்கவும், நுண்ணுயிர்க்கொல்லியால் வரும் ஒருவகைக் கடும் வயிற்றுப்போக்கைத் தடுக்கவும் சில கலவைகளை மருத்துவமனைகளில் பயன்படுத்தலாம் என்று அமெரிக்க இரைப்பை குடலியல் சங்கம் 2020இல் கூறியது. வேறு பல வயிற்றுக் கோளாறுகளுக்குப் போதிய சான்று இல்லை என்றும் அதே அறிக்கை கூறியது. எந்த நோய்க்கு, எந்தக் கிளைவகை, எந்த அளவில், எத்தனை நாள்? இந்த நான்குக்கும் விடை இருந்தால் பெட்டியை வாங்குவது பற்றிப் பேசலாம்.

தோட்டப்புறத்தில் இதைப் பேசும்போது இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. குடல் நலம் அங்கே புதிய செய்தியன்று. அது உயிர்ப் பிரச்சினையாக இருந்த காலம் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நெகிரி செம்பிலான் உட்பட மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களுக்குக் கப்பலேறி வந்த தமிழர்களை மலேரியாவோடு சேர்ந்து சீதபேதியும் வயிற்றுப்போக்கும் கொக்கிப்புழுவும் வாட்டின. அமெரிக்க மருத்துவர் சாமுவேல் டார்லிங் தலைமையில் ஒரு குழு 1915 முதல் 1917 வரை இப்பகுதிக்கு வந்து தோட்டத் தொழிலாளரிடம் கொக்கிப்புழுவை ஆராய்ந்தது. கழிவறை இல்லாத லயங்களில் மலம் மண்ணில் கலந்தது. புழுவின் குஞ்சு ஈர மண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலுக்குள் சென்றது. குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சியது. சோகை பிடித்துத் தளர்ந்த தொழிலாளியை அக்காலத்தில் பலர் சோம்பேறி என்றே எண்ணினர். கொடுமை அதுதான்.

அந்த நிலையை மாற்றியது எந்தப் பொட்டலமும் அன்று. குழாய் நீர், கழிவறை, காலணி, கொதிக்க வைத்த குடிநீர் ஆகியவையே மாற்றின. மலேசியப் பள்ளிகளில் 1974 முதல் 1983 வரை மாணவர்களுக்குப் புழு நீக்கும் மருந்து கொடுக்கும் திட்டமும் நடந்தது. தொழிலாளர் குடியிருப்புகளுக்கு இலவசமாகக் குழாய் நீர் தர வேண்டும் என்பதை 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீடமைப்பு, வசதிகள் குறித்த சட்டம் முதலாளிமாரின் கடமையாக்கியது. இன்று நெகிரி செம்பிலானின் பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. எஞ்சிய செம்பனைக் காடுகளில் வேலை செய்பவர்களுள் அயல்நாட்டினர் பலர். இருப்பினும், மேட்டுத் தொட்டியைக் கழுவாமல் விட்ட குடியிருப்பில் முப்பது பில்லியன் நுண்ணுயிரிகள் கொண்ட பொடியை அந்தத் தண்ணீரிலேயே கரைத்துக் குடித்து என்ன பயன்?

அடுத்தது அடுக்களை. பால் மரம் வெட்டப் போனவர்கள் விடியற்காலையில் கடுங்காப்பி குடித்துவிட்டுப் பெரட்டுக்கு ஓடினார்கள். பழைய சோறும் மோரும் அவர்களுக்குப் பழக்கமான உணவு. இன்று அவற்றைப் 'பாட்டி காலத்துப் புரோபயாட்டிக்' என்று புகழ்வது ஒரு வழக்கமாகிவிட்டது. இதிலும் கொஞ்சம் நிதானம் வேண்டும். இரவு முழுவதும் நீரூற்றி வைத்த சோற்றிலும் வீட்டில் உறையூற்றிய தயிரிலும் உயிருள்ள நுண்ணுயிரிகள் உண்டு. ஆனால், எந்தக் கிளைவகை, எவ்வளவு என்பது வீட்டுக்கு வீடு மாறும். ஆகவே, அறிவியலின் வரையறைப்படி அவை புரோபயாட்டிக் அல்ல, புளித்த உணவுகள். இட்லி மாவைப் புளிக்க வைக்கும் பாக்டீரியாக்கள் ஆவியில் வெந்ததும் இறந்துவிடுகின்றன. கொதிக்க வைத்த மோர்க்குழம்பிலும், எண்ணெயில் பொரித்த தெம்பேயிலும் இதே கதைதான். செரிமானத்துக்கு எளிது, சத்து கூடுகிறது என்பவை உண்மை. உயிருள்ள நுண்ணுயிரி வயிற்றுக்குப் போகிறது என்பது மட்டும் உண்மையன்று. பழைய சோற்றைத் தூய்மையான பாத்திரத்தில், தூய்மையான நீரில் வைக்காவிட்டால், நம் நாட்டு வெக்கையில் கெட்ட கிருமிகளும் அதில் பெருகும்.

இத்தனை எச்சரிக்கைக்குப் பிறகும், புளித்த உணவின் பக்கம் சாய்வதற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபர்டு பல்கலைக்கழகம் 2021இல் வெளியிட்ட சிறிய ஆய்வில், பத்து வாரம் தயிர் முதலிய புளித்த உணவுகளை நிறைய உண்டவர்களின் குடலில் நுண்ணுயிரிகளின் பன்மை பெருகியது. அழற்சிக்குரிய அடையாளங்கள் குறைந்தன. பெட்டிகள் வாக்களிக்கும் 'பல வகை' இதுவே. அது மோர்ப் பானையிலும், மலாய் அண்டைவீட்டாரின் தெம்போயாக் கிண்ணத்திலும் விலையின்றியோ மலிவாகவோ கிடைக்கிறது. தயிருக்குப் பதிலாகக் கடையில் விற்கும் இனிப்புப் பால் பானத்தைக் குடிப்பவர்கள் மட்டும் புட்டியில் உள்ள சீனியின் அளவைப் படித்துவிடுவது நல்லது.

நுண்ணுயிரியைக் குடலுக்கு அனுப்பினால் போதாது. அதற்குச் சோறு போட வேண்டும். அந்தச் சோறுதான் நார்ச்சத்து. 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நலக் கணக்கெடுப்பின்படி மலேசியப் பெரியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கும் மேல் போதிய காய்கறியும் பழமும் உண்பதில்லை. முருங்கைக்கீரையும் வாழைப்பூவும் கொல்லையிலேயே வளரும் குடியிருப்பிலும் இதே நிலை என்றால், அதை எந்தக் கலவையாலும் ஈடுசெய்ய முடியாது. வெள்ளைச் சோறும் பொரித்த கோழியும் மட்டும் போகும் குடலில், விலை கொடுத்து வாங்கிய விருந்தாளி பட்டினியாகக் கிடந்து வெளியேறிவிடும்.

விலையையும் பார்க்க வேண்டும். 2025 பிப்ரவரி முதல் மலேசியாவில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். மாதம் 26 நாள் வேலை என்று கொண்டால் ஒரு நாள் சம்பளம் 65 ரிங்கிட். பல்வகைக் கலவைகள் சிலவற்றுக்கு மாதத்துக்கு நூறு ரிங்கிட்டுக்கு மேல் ஆகிறது. குடும்பத்தில் ஒருவர் உண்பதற்கே ஒன்றரை நாள் உழைப்பு போய்விடும். அவ்வளவு கொடுத்து வாங்கியது உயிருடன் இருக்கிறதா என்பதும் கேள்விதான். குளிரில் வைக்க வேண்டிய சரக்கு, விற்பனையாளரின் வண்டிப் பெட்டியில் அரைநாள் வெயிலில் கிடந்து வந்தால், அச்சிட்ட எண்ணிக்கையும் உள்ளே இருக்கும் எண்ணிக்கையும் ஒன்றாக இரா.

வாங்கியே தீர வேண்டும் என்றால், பெட்டியைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் வேண்டும். சுகாதார அமைச்சின் கீழ் இயங்கும் தேசிய மருந்து ஒழுங்குமுறைப் பிரிவில் பதிவு பெற்ற பொருளில் 'எம்.ஏ.எல்.' எழுத்துகளோடு எட்டு இலக்கங்கள் இருக்கும். ஊட்டப் பொருளாக இருந்தால் கடைசியில் 'என்' என்ற எழுத்து நிற்கும். இப்படிப் பதிவு பெற்றது என்பதால் நோயைத் தீர்க்கும் என்று பொருளில்லை. நீரிழிவு, புற்றுநோய் போன்ற நோய்களைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதை 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் தடைசெய்கிறது. அப்படிப் பேசும் விற்பனையாளரிடம் வாங்காமலிருக்க அதுவே போதிய காரணம். நோய் எதிர்ப்பாற்றல் மிகவும் குன்றியவர்கள், புற்றுநோய் மருந்து எடுப்பவர்கள், குறைமாதக் குழந்தைகள் ஆகியோருக்கு மருத்துவரைக் கேட்காமல் கொடுப்பது ஆபத்து. அரிதாக, அந்த 'நல்ல' பாக்டீரியாவே இரத்தத்தில் கலந்து தொற்றாகிவிடும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு பணமன்று, காலம். மலத்தில் இரத்தம், காரணமின்றி எடை குறைதல், வாரக்கணக்கில் மாறாத வயிற்றுப்போக்கு அல்லது மலச்சிக்கல் ஆகியவை வந்தால், 'இந்தப் பெட்டி முடியட்டும், பார்க்கலாம்' என்று காத்திருப்பவர் உண்டு. பெருங்குடல் புற்றுநோய் மலேசியாவில் அதிகம் காணப்படும் புற்றுநோய்களுள் இரண்டாவது இடத்தில் உள்ளது. தொடக்கத்திலேயே கண்டறிந்தால் குணப்படுத்தும் வாய்ப்பு மிக அதிகம். அறிகுறி எதுவும் இல்லாத 50 முதல் 75 வயதுடையவர்களுக்கு, மலத்தில் மறைந்திருக்கும் இரத்தத்தைக் கண்டறியும் சோதனை அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குகளில் செய்யப்படுகிறது. அங்கே மலேசியக் குடிமக்கள் செலுத்தும் பதிவுக் கட்டணம் ஒரு ரிங்கிட்.